ஓரகத்தியின் தொட்டி

ஜூன் 18, செவ்வாய்

எழுதச் சொல்லியிருக்கிறார்கள், எழுதுகிறேன். குடியை நிறுத்தும் இல்லத்திலிருந்து என் கொழுந்தன் தஸ்நேவிஸை இன்று வீட்டுக்கு அழைத்து வந்தோம். புறப்படும்போது அங்குள்ள சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு இந்த நோட்டைக் கையில் கொடுத்தார். "அமலோற்பவம், தினமும் ரெண்டு வரி எழுதுங்க. சாப்பிட்டாரா, தூங்கினாரா, கோபப்பட்டாரா. அவ்வளவுதான்."

"சிஸ்டர், நான் நாலாங்கிளாஸ். அஞ்சாங்கிளாஸ் தொறந்த அன்னைக்கு மழை பெஞ்சது. மழை விடட்டும்னு வீட்ல இருந்தேன். இன்னும் விடல."

சிரித்தார். நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஆகவே: சாப்பிட்டான். படுத்திருக்கிறான், தூங்குகிறானா தெரியவில்லை. கோபப்பட்டது அவன் இல்லை, அவன் அண்ணன். என் வீட்டுக்காரர் கஸ்பார் விசைப்படகிலிருந்து வந்தவர், கால் கழுவும் முன்பே சொல்லிவிட்டார்: "ஏல, இன்னொரு தடவ குடிச்சிட்டு வந்தன்னா இந்த வாசப்படி ஏறாத. ஒரே தடவதான். எனக்குத் தம்பியே இல்லன்னு இருந்துக்கிடுவேன்."

"சரிண்ணே" என்றான். நாற்பத்தொரு வயது ஆள், கையைக் கட்டிக்கொண்டு. நான் கல்யாணமாகி தூத்துக்குடிக்கு வந்தபோது அவன் மூன்றாம் வகுப்பு. அடுத்த வீட்டு ஓட்டில் பந்தைப் போட்டுவிட்டு அப்போதும் இப்படித்தான் நிற்பான்.

இவர் சொன்னால் செய்கிற மனுஷர். அதுதான் பயம். என் பயத்தை எழுதச் சொல்லவில்லை, அதனால் நிறுத்துகிறேன்.

ஜூன் 20, வியாழன்

கண்ணாடித் தொட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினான்.

"கவனிச்சிக்க ஏதாச்சும் ஒண்ணு வச்சிக்கிடுங்கன்னு சிஸ்டர் சொன்னாவ மதினி."

"அதுக்குக் கோழி வளக்கலாம்லா. கடைசியில குழம்பாவது மிஞ்சும்."

தண்ணீர்ப் பையைத் தூக்கிக் காட்டினான். உள்ளே ஒரு சாண் நீளத்தில் ஒன்று. நாலு காலும் வாலும் உண்டு, பல்லி இல்லை. ரோஸ் கலந்த வெள்ளை. கழுத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று சிவப்பு இறகு, அதுதான் மூச்சு வாங்குகிறதாம். கண்ணுக்கு இமை கிடையாது. வாய் எந்நேரமும் சிரித்தபடி. ஆக்ஸலாட்டல் என்று பெயர், சொந்த ஊர் மெக்சிகோ. முன்னங்கால் ஒன்று பாதிதான் இருந்தது. கடைத் தொட்டியில் கூடக் கிடந்த இன்னொன்று கடித்துவிட்டதாம், அதனால் யாரும் வாங்கவில்லையாம்.

"முளைச்சிரும் மதினி. இதுக்குக் கால் போனா முளைக்கும்."

"ஆணா, பொண்ணா?"

"கடைக்காரனுக்கே தெரியல."

"அப்ப பொண்ணுதான். தல நெறையப் பூ வச்சிருக்கா, சும்மா இருக்கும்போதே சிரிக்கா. இருபது வருஷமா உனக்குப் பொண்ணு பாத்து என் செருப்பு தேஞ்சது. கடைசியில எனக்கும் ஒரு ஓரகத்தி வந்துட்டா."

சிரித்தான். வாயால் இல்லை, மூக்கால். இன்றைக்கு இது போதும்.

சாப்பிட்டான். தூங்கினான்.

ஜூன் 23, ஞாயிறு

பெரிய இடத்துச் சம்பந்தம் என்று இப்போதுதான் தெரிகிறது. ஓரகத்திக்கு வெந்நீர் ஆகாது, வெயில் ஆகாது, விளக்கு ஆகாது. தண்ணீர் சில்லென்றே இருக்க வேண்டுமாம். தூத்துக்குடியில் ஆனி மாதத்தில்! பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் தொட்டிக்குள் மிதக்கவிடுகிறான். ஒன்று கரைய ஒன்று. என் வீட்டு ஃப்ரிட்ஜில் மீனுக்கு இடமில்லை.

கடைக்காரன் கலர் கலராகப் பொடிக்கல் கொடுத்திருந்தான், தரையில் பரப்ப. இதையே வளர்க்கும் சென்னைக்காரர் ஒருவரிடம் தஸ்நேவிஸ் போனில் கேட்டான். அவர் போட்டிருக்கிறார் ஒரு சத்தம். இது வாயைத் திறந்தால் முன்னால் இருப்பதையெல்லாம் தண்ணீரோடு உறிஞ்சிவிடுமாம். கல் வயிற்றில் போய் அடைத்துக்கொள்ளுமாம். இரண்டு பேரும் உட்கார்ந்து அத்தனை கல்லையும் அள்ளினோம்.

"அதோட தலையவிடச் சின்னக் கல்லு ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாது மதினி. நெனப்புல வச்சிக்கிடுங்க."

"தலையவிடப் பெரிய கல்லு இருக்கலாமா?"

"அது இருக்கலாம்."

"அப்ப ஒங்க அண்ணன உள்ள வச்சிரு."

இப்போது தரை வெறும் கண்ணாடி. இமை இல்லாததற்கு நிழல் வேண்டுமே, அதற்குச் செடி. வெற்றிலை மாதிரித் தடித்த இலை. மண்ணில் ஊன்றக் கூடாது, தண்டு மூடினால் அழுகிவிடும். உள்ளங்கையளவு ஆற்றுக் கல்லில் வைத்து வெள்ளைத் தையல் நூலால் கட்ட வேண்டும். நைலான் கூடாது, இறகு சிக்கிக்கொள்ளும். சில வாரங்களில் வேர் கல்லைப் பிடித்துக்கொள்ளுமாம், நூல் தானாக இற்றுப்போகுமாம்.

சாயங்காலம் முழுக்கக் கட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். பதினேழு வயதில் வலைக்கொட்டகையில் இவன் முடிச்சுப் போடும் வேகத்தைப் பார்க்க ஆள் நிற்கும்.

இப்போது அவன் கை எப்படி இருக்கிறது என்பதை எழுதவில்லை. சிஸ்டர் பார்த்திருப்பார்.

ஜூன் 27, வியாழன்

காலையில் எல்லாச் செடியும் மேலே மிதந்தன. நூல் தனி, கல் தனி. ஓரகத்தி மூலையில் முகத்தைப் பதித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றாள். மறுபடி கட்டினான்.

ஆறு மணிக்கு நூல் வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டினான். அப்போதுதான் எனக்கும் கறிவேப்பிலை இல்லை என்று நினைவு வந்தது. அவன் நூல் வாங்கிக்கொண்டு திரும்பினான். நான் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

சாப்பிட்டான்.

ஜூன் 29, சனி

சாப்பிட்டான். செடி மிதந்தது. சிகரெட் வாங்கப் போனான். கறிவேப்பிலை வாங்கினேன்.

ஜூலை 2, செவ்வாய்

"ஏட்டி, ரசத்துல ரசத்தக் காணும், கறிவேப்பிலதான் கெடக்கு" என்கிறார் இவர். முடிக்கு நல்லது என்றேன். அவருக்கு முடி இல்லை. முறைத்தார்.

இருட்டும் நேரத்தில் தெருவிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். பழைய கூட்டாளி, பெயர் எழுதவில்லை. "தஸ்நேவிசு, சும்மா ஹார்பர் பக்கம் காத்து வாங்கிட்டு வருவோமா?"

இவன் வாசலில் நின்றான். நான் அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். ஒரு கொதி வந்து அடங்கியது.

"இல்லப்பா. செடி கட்டணும்."

அந்த வெற்றிலைச் செடிகளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம் போல இருந்தது.

ஜூலை 6, சனி

கோபப்பட்டாரா என்று கேட்டீர்களே சிஸ்டர். இன்று பட்டான்.

செடி மறுபடி மிதந்தது. மூன்று தடவை கட்டினான். மூன்றாவது தடவை முடிச்சை இழுக்கும்போது விரல் ஆடி, கல் நழுவிக் காலில் விழுந்தது. நூல்கண்டைச் சுவரில் எறிந்தான். "ஒரு நூலக் கட்ட வக்கில்ல. நாப்பது பாகம் நீள வலை கட்டின கை. நான்லாம் எதுக்கு மதினி இருக்கேன்?"

"கால்ல ரத்தம் வருது பாரு" என்று மட்டும் சொன்னேன். மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

எல்லாவற்றையும் கேலி செய்கிறேன், அந்தக் கையை மட்டும் செய்வதில்லை. செய்யவும் மாட்டேன்.

சாப்பிடவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

வாரக் கூட்டத்துக்கு உங்கள் இல்லத்துக்கு வந்திருந்தான் அல்லவா, அந்த நேரத்தில் ஒரு வேலை செய்தேன். இந்தப் பக்கத்தை அவனுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

செடிகளை எடுத்து, அதே கல்லில், அதே நூலால் நானே கட்டினேன். வலைக்கட்டு, இரண்டு சுற்று, இறுக்கி ஒரு முடிச்சு. அவிழ்ந்தால் என் பெயர் அமலோற்பவம் இல்லை. பிறகும் மனது ஆறவில்லை. மிதக்காமல் இருக்கக் கனம் வேண்டுமே. வீச்சு வலை ஓரத்தில் கோக்கிற ஈயமணி மொச்சைக்கொட்டை அளவில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. நூலின் முனைக்கு ஒன்றாக வைத்துப் பல்லால் கடித்து இறுக்கிவிட்டேன். சின்ன வயதிலிருந்து ஈயம் கடித்த வாய் இது. இலைக்கு அடியில் மறைவாகக் கிடக்கும், அவன் கண்ணில் படாது.

சின்னக் கல் கூடாது என்றான். இது கல் இல்லை.

வந்தான். தொட்டியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"நிக்குது மதினி."

"நீ கட்டினது நிக்காம ஓடவா செய்யும்?"

இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

ஜூலை 12, வெள்ளி

ஓரகத்தி இலைக்கு அடியில் படுத்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டுகிறாள், ஜன்னலில் நிற்கும் புதுப்பெண் மாதிரி. பாதிக் காலில் சின்னச் சின்னதாக விரல் வந்திருக்கிறது. கஸ்பார்கூட இன்று குனிந்து பார்த்தார். "சம்பந்தி வீட்லேர்ந்து யாரும் சீர் கொண்டுவரலியா?" என்று அவர் கேட்க, தம்பிக்காரன் வாயால் சிரித்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிரித்து எத்தனையோ காலம்.

நாள் எண்ணச் சொன்னீர்கள், குடிக்காத நாளை. எண்ண மாட்டேன் சிஸ்டர். எண்ணினால் கண் பட்டுவிடும்.

கறிவேப்பிலை வாங்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

அவன் குளிக்கும்போது தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தேன். நடுவில் இருக்கும் செடியின் நூலில் ஒரு முனையில் ஈயம் இல்லை.

கீழே எங்காவது விழுந்திருக்கும். தொட்டிக்குள் கைவிட்டுத் தடவினேன். தரை வெறும் கண்ணாடி, ஒளிய இடமில்லை. வெளியே விழுந்திருக்கும். வீட்டை இரண்டு தடவை பெருக்கினேன். மற்ற மணிகளை எல்லாம் கத்திரித்து எடுத்துவிட்டேன். கட்டு ஈயம் இல்லாமலே நிற்கிறது. அது இல்லாமலே நின்றிருக்கும்.

சாப்பிட்டான்.

ஜூலை 16, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 17, புதன்

எழுத ஒன்றுமில்லை. புழு போட்டான், ஓரகத்தி தின்னவில்லை. வெயில் காரணமாக இருக்கும் என்றேன்.

ஜூலை 18, வியாழன்

இன்றும் தின்னவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறாள். இறகின் சிவப்பு வெளுத்துவிட்டது. அவன் தொட்டிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறான். "என்ன தப்புப் பண்ணேன்னு தெரியல மதினி. எல்லாம் சரியாத்தான செஞ்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான்.

இது போனால் அவன் எங்கே போவான் என்று எனக்குத் தெரியும். திருப்பத்தில் இருக்கிற பிராந்திக் கடைக்குப் போவான். அப்புறம் இந்த வாசப்படி கிடையாது.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதுகிறேன், ஆனால் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

திருநெல்வேலிக்குப் போனோம். இந்த ஊர் மாட்டு டாக்டர் தனக்குத் தெரியாது என்று கையை விரித்துவிட்டார். டப்பாவில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் பாட்டிலைச் சுற்றித் துண்டு போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பள்ளத்தில் பஸ் குதிக்கும்போதெல்லாம் டப்பாவைத் தூக்கிப் பிடித்தான்.

டாக்டர் சின்ன வயது. நாய், ஆடு, கிளி என்று வராந்தா நிறையக் கூட்டம். ஓரகத்தியைப் பார்த்ததும் தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கல்லு கில்லு ஏதாவது முழுங்கிச்சா?"

"சார், தொட்டியில சின்னக் கல்லே கெடையாது சார்" என்றான் தஸ்நேவிஸ். "இதோட தலையவிடப் பெரிய கல்லு மட்டுந்தான். செடியெல்லாம் அதுலதான் கட்டியிருக்கு. எல்லாம் சரியா இருக்கு சார்."

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் ஆட்டுக்குட்டியை வைத்துக்கொண்டிருந்தார். அது என் சேலையைச் சவைத்துக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"ஈயம் சார்" என்றேன். "ஈயமணி. நான் கட்டினது."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

படம் எடுத்தார்கள். வெள்ளை எலும்புக்கு நடுவே வயிற்றில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு வெள்ளை. அவ்வளவு தெளிவாக நான் எதையும் பார்த்ததில்லை. டாக்டர் சென்னைக்கு யாரிடமோ பேசினார். அறுக்கலாம், ஆனால் இந்த நிலைமையில் மயக்க மருந்தைத் தாங்காது. குளிர்ச்சியாக வைத்தால் உடம்பு அடங்கும், தானாக வெளியே தள்ளினாலும் தள்ளும். கல்லாக இருந்தால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன், ஈயம் கரைந்து ரத்தத்தில் ஏறும் என்றார். ஏறியிருக்கும் என்று அவர் முகம் சொன்னது.

திரும்பி வரும்போது வாகைக்குளம் தாண்டியதும் தஸ்நேவிஸ் கேட்டான்: "பல்லால கடிச்சியளா மதினி?"

"ஆமா."

"முன்பல்லாலயா?"

"முன்பல்லு ஆடுதுல்லா. கடவாப்பல்லால."

"அதான் சரியாப் பிடிக்கல" என்றான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜன்னலுக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னான்: "கட்டு ஒங்களதுன்னு அன்னைக்கே தெரியும். என் கட்டு அப்பிடி நிக்காது இப்ப."

"ஈயத்தையும் பாத்தியா?"

"பாத்தேன். கட்டுக்கு அடியில ஈயம் கெடக்கு. சின்ன வயசுலேர்ந்து பாக்கது. வலைன்னா ஈயம் இருக்கும்லா, அப்பிடித்தான் தோணிச்சி. எடுத்துப் போடணும்னு தோணல. கண்ணுல பட்டுது, மனசுல படல."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். பஸ்ஸில் அத்தனை பேருக்கு முன்னால் திட்டியிருந்தால்கூட நான் வீடு வரைக்கும் நன்றாக வந்திருப்பேன்.

ஜூலை 20, சனி

ஓரகத்தி ஃப்ரிட்ஜில் இருக்கிறாள், மாவுச்சட்டிக்கு மேல் தட்டில், மூடி போட்ட டப்பாவில். காலையில் கடலுக்குப் போகிற அவசரத்தில் கஸ்பார் அதைச் சாப்பாட்டு டப்பா என்று எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். தஸ்நேவிஸ் ஓடிப்போய்ப் பிடுங்கினான். "நல்லவேள மதினி, சாப்பாட்டு நேரத்துக்கு நடுக்கடல்ல தொறந்திருப்பாவ" என்றான். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம், பாதியில் நின்றுவிட்டது.

தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். ஒருவர் டப்பாவைப் பிடிக்க ஒருவர் ஊற்ற வேண்டும். நான் பிடிக்கிறேன். அவன் ஊற்றுகிறான்.

ஜூலை 22, திங்கள்

ஒன்றும் வெளியே வரவில்லை.

காலித் தொட்டியைக் கழுவ உட்கார்ந்தவன் என்னைக் கூப்பிட்டான். நடுச்செடியின் வேர் மயிர் மயிராகக் கல்லைப் பிடித்திருந்தது. நூலைக் கத்திரித்துவிட்டு இலையைப் பிடித்துத் தூக்கினான். கல்லும் சேர்ந்து வந்தது. அவன் சந்தோஷப்படுவான் என்று முகத்தைப் பார்த்தேன். திரும்பத் தண்ணீரில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

பனிமய மாதா கோவில் திருவிழாவுக்குக் கொடியேற்றம் வருகிறது. தெருவெல்லாம் வெளியூர்க் கூட்டம். பழைய கூட்டாளிகள் எல்லாரும் வருவார்கள்.

சாப்பிடவில்லை. நானும்.

ஜூலை 24, புதன்

ஓரகத்தி இறந்துவிட்டாள்.

ஜூலை 25, வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

விடிந்ததும் டப்பாவைத் திறந்தது அவன்தான். விரலால் தொட்டான். இன்னொரு தடவை தொட்டான். பிறகு மூடியைப் போடாமலே என்னிடம் நீட்டினான். அந்தச் சிரித்த வாய் அப்படியே இருந்தது. கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் குழி தோண்டினான். கையை வைத்தே மண்ணைத் தள்ளினான். முளைத்த காலில் நாலு விரலும் முழுதாக வந்திருந்தன.

நான் அவனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். டீ போட்டேன், குடிக்கவில்லை. வலையை எடுத்து முன்னால் போட்டேன், தொடவில்லை. மதியத்துக்கு மேல் எழுந்து சட்டையைப் போட்டான். கழற்றினான். மறுபடி போட்டான். எனக்கு எந்த இலையும் வாங்கத் தோன்றவில்லை. நேராக வாசலில் போய் நின்றுகொண்டேன்.

"எங்க போற?"

"தெரியல."

"எனக்குத் தெரியும்."

தலை குனிந்துகொண்டான். கைலியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "மதினி, என்னைய உள்ள வச்சிப் பூட்டுங்க."

"என்னல சொல்லுத?"

"என் ரூம்ல வச்சி வெளியப் பூட்டிருங்க. கடைய பத்து மணிக்கு அடைப்பான். அது வரைக்கும் தொறக்காதிய. நான் என்ன சொன்னாலும் தொறக்காதிய. சாவிய என் கண்ணுல காட்டாதிய."

தலைவாசல் பூட்டை எடுத்து வந்து பூட்டினேன். சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன். ஸ்டூலைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இருட்டத் தொடங்கியதும் கதவைத் தட்டினான். தண்ணீர் வேண்டும் என்றான். உள்ளே குடத்தில் இருக்கிறது என்றேன். மூச்சு முட்டுகிறது என்றான். ஜன்னல் இருக்கிறது என்றேன். பிறகு திட்டினான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் என்னைப் பார்த்துச் சொல்லாத வார்த்தையெல்லாம் சொன்னான். கதவை உதைத்தான். "கொன்னது நீங்கதான். ஒங்க ஈயந்தான் கொன்னுச்சி. தொறங்க" என்றான்.

"ஆமா, நான்தான்" என்றேன். "தொறக்க மாட்டேன்."

அப்புறம் அவன் அழுகிற சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், வாய். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். என் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு வைத்திருந்த மக்ரூன் டப்பாவை அவன் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து காலி பண்ணியது, மறுநாள் பூசைக்கு நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியது. முதல் தடவை கடலுக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு, மீனுக்கு இரை போட்டேன் என்று சொன்னது. ஒன்பதாம் வகுப்பில் டீச்சருக்குக் கடிதம் எழுதி, தபால்காரரிடம் கொடுக்கப் பயந்து என்னிடம் கொடுத்தது. நான் அதைப் பலசரக்குக் கடைச் சீட்டு என்று நினைத்து அண்ணாச்சியிடம் நீட்டியது. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தது. படித்துவிட்டு, "இது ஸ்டாக் இல்லம்மா" என்றது.

உள்ளே மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா, கதவு தடுப்பதால் தெரியவில்லை. நிறுத்தாமல் பேசினேன். நடந்தது தீர்ந்ததும் நடக்காததைச் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது.

கஸ்பார் வந்தார். கையில் மீன் பை, தலையில் உப்பு. கதவில் பூட்டைப் பார்த்தார், ஸ்டூலில் என்னைப் பார்த்தார்.

"என்னட்டி இது? குடிச்சிட்டு வந்துட்டானா?"

"இல்ல. குடிச்சிருவோம்னு அவனே பூட்டச் சொன்னான்."

"அவனே சொன்னானா?"

"அவனேதான். பத்து மணி வரைக்கும்."

மீன் பையைக் கீழே வைத்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று பார்த்தேன். ஈரக் கைலியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, என்னை மாதிரியே கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். எனக்குக் குரல் போய்விட்டது என்று புரிந்துகொண்டார் போல. தொண்டையைச் செருமினார்.

"ஏல," என்றார் கதவைப் பார்க்காமல். "இன்னைக்கு சீலா மீனு நல்லாப் பட்டுது."

மீன் பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"நம்ம போட்டுக்குப் புதுசா வந்த டிரைவரு பயல் லாயக்கில்ல. திருப்புத இடத்துல திருப்ப மாட்டேங்கான். வலையக் கிழிச்சி வச்சிருக்கான்."

உள்ளேயிருந்து: "எந்தப் பக்கம்ண்ணே கிழிஞ்சிருக்கு?"

"மடிப் பக்கம்."

"நாளைக்குக் கொண்டாங்க. பாக்கேன்."

கை சரியில்லையே, எப்படிப் பார்ப்பாய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தெருவில் திருவிழாக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. கோவில் கடிகாரம் பத்து அடித்ததும் நான் எழுந்தேன். அவர் கையைக் காட்டி இரு என்றார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம், எல்லாக் கதவும் அடைத்திருக்கும் என்று மனது ஒப்புகிறவரை. பிறகு திறந்தேன்.

சட்டை வேர்வையில் ஒட்டிப்போய் வெளியே வந்தான். உதைத்த கால் வீங்கியிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் கொல்லைக்குப் போய் முகம் கழுவினான். சோறு போட்டேன். கஸ்பார் தன் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தார். வாசப்படியைப் பற்றி யாரும் பேசவில்லை.

கை கழுவ எழுந்தவன் அங்கேயே நின்றான்.

"மதினி, கடைய நாளைக்கு எப்பத் தொறப்பான்?"

கஸ்பாரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"பன்னெண்டுக்கு" என்றேன். அவனுக்கே தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப அதுக்கு முன்னாடி பூட்டிருங்க" என்றான். "வலைய உள்ள போட்டுட்டுப் பூட்டுங்க."

இப்போது காலை பதினொன்றரை. கஸ்பார் இன்று கடலுக்குப் போகவில்லை, கிழிந்த வலையைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து அவன் ரூமில் இறக்கிக்கொண்டிருக்கிறார். சிஸ்டர், மீதியைச் சாயங்காலம் எழுதுகிறேன். நேற்று திறக்கும்போது பூட்டு ரொம்ப இறுகலாக இருந்தது. அதற்கு எண்ணெய் போட வேண்டும்.